இறைச்சிக் கோழித் தீனிற் சேர்க்கும் புரோபயோட்டிக் தூள்

மாந்தைப் பகுதியிற் கோழி வளர்ப்போருக்கான விளக்கம்

முன்னுரை

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதியை அண்டியுள்ள கிராமங்களுள் பாப்பாமோட்டையும் ஒன்றாகும். உலர்வலயத்தைச் சேர்ந்த இப்பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைக் காலத்திலேயே பெய்து முடிகின்றது. ஏனைய மாதங்களில் வெயிலும், சோளகக் காற்றும், நீர் குறைந்த கிணறுகளுமே உள்ளன. மாந்தைப் பகுதிக் கமக்காரருட் பலர் காலபோக நெல்லையே நம்பி வாழ்கின்றனர். அறுவடை முடிந்தபின் அடுத்த விதைப்பு வரையும் கைச்செலவுக்கு வேறொரு வழியை அவர்கள் தேடவேண்டியுள்ளது.

அவ்வழிகளுள் இறைச்சிக் கோழி வளர்ப்பும் ஒன்று. இதற்குப் பரந்த நிலம் வேண்டியதில்லை. நன்கு பேணப்பட்ட குஞ்சு 35 முதல் 42 நாள்களுக்குள் ஏறத்தாழ 2 கிலோகிராம் நிறையை அடைந்து விற்பனைக்குத் தயாராகின்றது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கு, வீட்டு வளவிலேயே தொடங்கக்கூடிய இத்தகைய சிறு தொழில்கள் பெரிதும் உதவுகின்றன. பெரும்பாலும் வீட்டுப் பெண்களே இதன் பொறுப்பை ஏற்கின்றனர்.

ஆயினும் இத்தொழிலில் இலாபத்துக்கும் நட்டத்துக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதே. மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு வரை தீனுக்கே செல்கின்றது. 2022ஆம் ஆண்டில் நாட்டில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது சோளம் முதலிய தீன்பொருள்கள் அரிதாகி, தீன்விலை பன்மடங்கு உயர்ந்ததனால் சிறு பண்ணைகள் பல மூடப்பட்டமையை எவரும் மறந்திரார். கடன்பட்டு வாங்கிய 50 குஞ்சுகளுட் 15 குஞ்சுகள் கழிச்சலால் இறந்துபடின், எஞ்சியவற்றை விற்றாலும் கடன் தீராது. இந்த அச்சத்தினாலேயே பலர், குஞ்சுகளுக்கு நோய் காணுமுன்னரே கடைகளில் வாங்கிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீனிலும் நீரிலும் கலந்து கொடுக்கின்றனர்.

இதற்கு மாற்றாக இக்காலத்திற் புரோபயோட்டிக் எனப்படும் உலர்ந்த தூள்கள் விற்பனைக்கு வந்துள்ளன. இவற்றை முறைப்படி பயன்படுத்தினாற் பயனுண்டு. முறை தவறிப் பயன்படுத்தினால் வாங்கிய பணம் முழுவதும் வீணாகும். அம்முறையினை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

புரோபயோட்டிக் என்பது யாது?

கண்ணுக்குப் புலப்படாத நுண்ணங்கிகள் யாவும் தீயன அல்ல. பாலைத் தயிராக்குவனவும், அப்பமாவைப் புளிக்கச் செய்வனவும் நுண்ணங்கிகளே. பாரிசு நகரிற் பாஸ்டர் நிலையத்திற் பணியாற்றிய மெச்னிக்கோவ் என்னும் இரசிய அறிஞர், பாலைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாக்கள் குடலிலுள்ள தீய பற்றீரியாக்களை அடக்கி உடல்நலத்தைக் காக்கும் என 1907ஆம் ஆண்டிலேயே எழுதினார். உலக உணவு விவசாய நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய அறிஞர் குழு 2001ஆம் ஆண்டில் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. போதிய அளவிற் கொடுக்கப்படும்போது, உட்கொள்ளும் உயிருக்கு நன்மை விளைக்கும் உயிருள்ள நுண்ணங்கிகளே புரோபயோட்டிக் என்பது அதன் சாரம்.

இவ்விலக்கணத்தில் இரண்டு சொற்களை மனத்திற் பதித்தல் வேண்டும். ஒன்று, உயிருள்ள என்பது. மற்றையது, போதிய அளவு என்பது. இத்தூள் மருந்தன்று, விற்றமின் தூளுமன்று. இது விதைநெல்லை ஒத்தது. விதைநெல் உலர்ந்த நிலையில் உயிரை உள்ளடக்கி உறங்குகின்றது. ஈரமும் தக்க சூடும் கிடைத்தபோது முளைக்கின்றது. அவ்வாறே தூளிலுள்ள நுண்ணங்கிகளும் உலர்த்தப்பட்டு உறங்குநிலையில் உள்ளன; கோழியின் குடலை அடைந்ததும் விழித்துத் தொழிற்படுகின்றன. விதைநெல்லை அவித்தபின் வயலில் விதைப்பார் உண்டோ? சூட்டினாலும் ஈரத்தினாலும் இறந்துபோன தூளைக் கோழிக்குக் கொடுப்பதும் அத்தகைய செயலேயாகும்.

குஞ்சின் குடலும் முதல் நாள்களும்

வீட்டில் அடைகாக்கும் நாட்டுக்கோழியின் குஞ்சு, பொரித்த அன்றே தாயோடு நிலத்தைக் கிளறித் தாயின் எச்சத்தையும் கொத்துகின்றது. தாயின் குடலிலுள்ள நல்ல பற்றீரியாக்கள் அவ்வழியாகக் குஞ்சின் குடலிற் குடியேறுகின்றன. பொறியிற் பொரிக்கப்படும் இறைச்சிக் கோழிக் குஞ்சோ தாயைக் காண்பதில்லை. அதன் குடல் ஏறத்தாழ வெற்று நிலமாகவே உள்ளது. பெட்டியில் அடைபட்டு நெடுந்தூரம் வந்து, புதிய கொட்டிலில் இறக்கப்படும் அக்குஞ்சின் குடலில் எந்த நுண்ணங்கி முந்துகின்றதோ அதுவே இடம்பிடிக்கின்றது.

இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டியவர்கள் பின்லாந்து நாட்டு அறிஞர்கள். அந்நாட்டில் 1971ஆம் ஆண்டில் இறைச்சிக் கோழிகளிடையே சல்மொனெல்லா என்னும் பற்றீரியா பரவியது. அதனை ஆராய்ந்த நூர்மி, ரந்தாலா என்னும் இருவர், நலமுள்ள வளர்ந்த கோழியின் குடலிலுள்ளவற்றைப் புதிதாய்ப் பொரித்த குஞ்சுகளுக்குப் புகட்டினர். பின்னர் அக்குஞ்சுகளுக்குச் சல்மொனெல்லாவைக் கொடுத்தபோது அவற்றின் குடலில் அது எளிதில் நிலைகொள்ளவில்லை. இம்முடிவினை அவர்கள் 1973ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நெற்பயிர் அடர்ந்து வளர்ந்த பாத்தியிற் களைக்கு இடமில்லாதவாறு, நல்ல பற்றீரியாக்கள் நிறைந்த குடலில் தீயவற்றுக்கு இடமில்லை.

நல்ல நுண்ணங்கிகள் பல வழிகளில் உதவுகின்றன. அவை குடற்சுவரிற் தீய பற்றீரியாக்கள் ஒட்டும் இடங்களைத் தாமே பிடித்துக்கொள்கின்றன. சில வகைகள் இலத்திரிக்கமிலத்தை உண்டாக்கிக் குடலைச் சற்றே புளிப்பாக்குகின்றன. பல தீய பற்றீரியாக்கள் அப்புளிப்பைத் தாங்கா. வேறு சில, தீனைச் செரிக்கச் செய்யும் நொதியங்களைச் சுரக்கின்றன. நோயெதிர்ப்பு ஆற்றலையும் இவை தூண்டுகின்றன. ஆகவே முதல் நாளிலிருந்தே தூளைக் கொடுக்கத் தொடங்குவது சிறந்தது. நோய் முற்றியபின் கொடுப்பதாற் பெரும் பயன் விளையாது.

நுண்ணுயிர்க்கொல்லியை வழக்கமாகக் கொடுப்பதன் தீமை

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உயிர்காக்கும் மருந்தாகும். மிருக வைத்தியர் நோயை அறிந்து, அளவையும் நாள்களையும் குறித்துக் கொடுக்கும்போது அதனைத் தயங்காது கொடுத்தல் வேண்டும். நோயில்லாத கோழிக்கு, வளர்ச்சியைக் கருதியோ அச்சத்தினாலோ சிறு அளவில் நாள்தோறும் கொடுப்பதே தீமையானது.

சிறு அளவு மருந்து எல்லாப் பற்றீரியாக்களையும் கொல்வதில்லை. மருந்தைத் தாங்கும் ஆற்றலுள்ளவை தப்பிப் பெருகுகின்றன. அவை எச்சம், இறைச்சி, கைகள், கிணற்று நீர் ஆகியவற்றின் வழியாக மனிதரையும் அடையக்கூடும். பின்னர் அவ்வீட்டுக் குழந்தைக்கே கடும் நோய் வந்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றால், வழக்கமான மருந்து பயன்படாது போகலாம். கோழிக் கொட்டிலில் செய்த பிழைக்கு வீட்டுக்குள் விலைகொடுக்க நேரும்.

இதனையுணர்ந்தே சுவீடன் நாடு, வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீனிற் சேர்ப்பதை 1986ஆம் ஆண்டில் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006ஆம் ஆண்டு தை மாதம் 1ஆந் திகதி முதல் அது தடைசெய்யப்பட்டது. மனிதருக்கு இறுதி நம்பிக்கையாகக் கொடுக்கப்படும் கொலிஸ்ரின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019ஆம் ஆண்டிற் தடுத்தது. அந்நாடுகள் வேறு வழிகளை நாடியபோது முன்னிலைக்கு வந்தவற்றுட் புரோபயோட்டிக் தூளும் ஒன்றாகும்.

தூளின் வகைகள்

கடைகளிற் கிடைக்கும் தூள்களில் மூன்று வகை நுண்ணங்கிகள் உள்ளன. சில தூள்களில் ஒரு வகையும், சிலவற்றிற் பல வகைகளும் கலந்திருக்கும்.

முதலாவது, லக்டோபசிலசு முதலிய இலத்திரிக்கமிலப் பற்றீரியாக்கள். தயிரிலுள்ளவற்றின் இனத்தைச் சேர்ந்த இவை குடலுக்கு மிக ஏற்றவை. ஆயினும் சூட்டையும் ஈரத்தையும் தாங்கா. குளிர்ந்த இடத்திற் பேணுதல் இன்றியமையாதது.

இரண்டாவது, பசிலசு இனப் பற்றீரியாக்கள். இவை தடித்த உறையுடைய வித்திகளாக மாறி உறங்குகின்றன. குறுணித் தீன் செய்யும் ஆலையின் சூட்டையும் இவ்வித்திகளிற் பெரும்பாலானவை தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில்லாத வீடுகளுக்கும் மன்னார் வெயிலுக்கும் இவ்வகையே பெரிதும் பொருத்தமானது.

மூன்றாவது, மதுவம். அப்பமும் பாணும் செய்யப் பயன்படும் இனமே இதுவும். இது சூட்டை ஓரளவே தாங்கும்.

தூளை வாங்கும்போது உறையின் மேல் எழுதியுள்ளவற்றை வாசித்தல் வேண்டும். வாசிக்க இயலாதோர் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லலாம். கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. நுண்ணங்கியின் பெயர் எழுதப்பட்டுள்ளதா?
2. ஒரு கிராம் தூளில் உயிருள்ள நுண்ணங்கிகள் எத்தனை எனக் குறிக்கப்பட்டுள்ளதா?
3. செய்யப்பட்ட திகதியும், பயன்படுத்தக்கூடிய இறுதித் திகதியும் உள்ளனவா?
4. எத்தகைய வெப்பநிலையிற் பேணல் வேண்டுமெனக் கூறப்பட்டுள்ளதா?
5. ஒரு கிலோகிராம் தீனுக்கு அல்லது ஒரு லீற்றர் நீருக்கு எவ்வளவு எனத் தெளிவாக உள்ளதா?

இவற்றுள் ஒன்றேனும் இல்லாத தூளை வாங்கலாகாது. இலங்கையில் விலங்குத் தீன்களின் உற்பத்தியும் விற்பனையும் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. உறையைப் பிரித்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்கப்படும் தூளில் என்ன உள்ளது, எப்போது செய்யப்பட்டது என்பவற்றை எவரும் அறியார். கடைவாசலில் வெயில்படும்படி தொங்கவிடப்பட்ட உறையையும் தவிர்த்தல் வேண்டும்.

வீட்டுத் தயிரை இதற்குப் பதிலாகக் கொடுக்கலாமா எனச் சிலர் வினவுவதுண்டு. தயிரிலும் நல்ல பற்றீரியாக்கள் உள்ளன. ஆனால் அவற்றின் எண்ணிக்கை நாளுக்கு நாள் வேறுபடும். நீர்ப்பாத்திரத்தில் தங்கிய தயிர் விரைவிற் கெட்டு ஈயையும் பூஞ்சணத்தையும் வரவழைக்கும். ஆகவே அளவு குறிக்கப்பட்ட தூளுக்கு அது ஈடாகாது.

தூளைப் பேணும் முறை

சித்திரை, வைகாசி மாதங்களிற் தகரக் கூரைக்குக் கீழுள்ள தட்டு, கையை வைக்க முடியாதவாறு சுடும். அங்கு வைக்கப்படும் தூள் சில வாரங்களில் உயிரிழக்கும். மாரிகாலத்திலோ காற்றிலுள்ள ஈரம் தூளைக் கட்டிபடச் செய்யும். ஈரம்பட்ட நுண்ணங்கி விழித்தெழுந்து, உண்பதற்கு உணவின்றி இறந்துபோகும். முளைத்த விதைநெல் சாக்கிலேயே அழுகுவது போன்றதே இது.

இவற்றைத் தவிர்க்கும் வழிகள்:

உறையைத் திறந்தபின் தூளை நன்கு உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் இட்டுக் காற்றுப் புகாதபடி மூடுதல் வேண்டும். வறுத்து ஆறிய அரிசிப் பிடியொன்றைத் தூய துணியில் முடிந்து போத்தலுள் வைத்தால் அது ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். உறையையும் எறிந்துவிடாது போத்தலோடு கட்டிவைத்தல் வேண்டும். திகதியும் அளவும் அதிலேயே உள்ளன.

குளிர்சாதனப் பெட்டி உள்ளோர் அதன் கீழ்த்தட்டில் வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் போத்தலைத் திறவாது, சூடு சமமாகும்வரை பொறுத்துத் திறத்தல் வேண்டும். இல்லையெனில் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தூளிற் படியும். குளிர்சாதனப் பெட்டி இல்லாதோர் பெரிய மண்பானையில் ஈரமணல் இட்டு, அதனுள் சிறிய பானையொன்றை வைத்து, நன்கு மூடிய போத்தலை அச்சிறு பானையுள் வைக்கலாம். பானைகளை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்து மணலை நாள்தோறும் நனைத்தல் வேண்டும்.

ஒரு தொகுதிக் கோழிகளுக்கு வேண்டிய அளவை மட்டும் வாங்குவதே யாவற்றிலும் சிறந்தது. மலிவு கருதிப் பெரிய பொதியை வாங்கி ஆறு மாதம் வைத்திருப்பது ஆதாயமாகாது.

தீனிற் கலக்கும் முறை

அளவைப் பொறுத்தவரை உறையில் எழுதியுள்ளதையே பின்பற்றல் வேண்டும். கணக்கை விளங்கிக்கொள்வதற்கு ஓர் உதாரணம் தரப்படுகின்றது. ஒரு கிராம் தூளில் 100 கோடி நுண்ணங்கிகள் உள்ளன எனவும், ஒரு கிலோகிராம் தீனுக்கு ஒரு கிராம் தூள் சேர்க்கவேண்டும் எனவும் வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒவ்வொரு கிராம் தீனிலும் 10 இலட்சம் நுண்ணங்கிகள் இருக்கும். தூளிற் பாதி இறந்திருப்பின் இத்தொகையும் பாதியாகும். தூளைப் பேணுவதன் பெறுமதி இதிலிருந்து விளங்கும்.

50 கிலோகிராம் தீனுக்கு 50 கிராம் தூள் வேண்டும். இச்சிறு அளவை நேரே தீன்குவியலிற் கொட்டிக் கிளறினால் சில கோழிகளுக்கு மிகுதியாகவும் பலவற்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். ஆகவே படிப்படியாகக் கலத்தல் வேண்டும்.

முதலிற் 50 கிராம் தூளை அரைக் கிலோகிராம் தீனோடு ஒரு சட்டியில் நன்கு கலக்குக. அக்கலவையை 5 கிலோகிராம் தீனோடு சுளகிலோ தூய பாயிலோ பரப்பிக் கலக்குக. இறுதியாக அதனை எஞ்சிய தீனின் மேல் தூவி, குவியலை இடம்மாற்றி இடம்மாற்றி மூன்றுமுறை புரட்டுக. இவ்வேலையைக் காற்றடங்கிய காலை வேளையில் நிழலிற் செய்வது நன்று. தூள் மூச்சில் ஏறாதவாறு வாயையும் மூக்கையும் துணியாற் கட்டிக்கொள்ளல் வேண்டும்.

ஒரு வாரத்துக்கு வேண்டிய தீனை மட்டுமே ஒருமுறை கலத்தல் நன்று. கொதிநீர் விட்டுப் பிசைந்த தீனிலோ சூடாறாத கஞ்சியிலோ தூளைச் சேர்க்கலாகாது. கடையில் வாங்கும் தீனிலும் புரோபயோட்டிக் அல்லது வேறு மருந்து முன்னரே சேர்க்கப்பட்டிருக்கலாம். தீன்பையின் மேல் எழுதியுள்ளதையும் வாசித்த பின்னரே தூளைச் சேர்த்தல் வேண்டும்.

நீரிற் கரைக்கும் முறை

முதல் நாட் குஞ்சு தீனை உண்ணுமுன் நீரைப் பருகும். ஆகவே நீரிற் கரையக்கூடிய தூளாயின் முதல் ஏழு நாள்களுக்கு நீரிற் கொடுப்பது எளிது. ஆனால் இப்பகுதியில் நீரைப்பற்றி மூன்று செய்திகளை நினைவில் வைத்தல் வேண்டும்.

முதலாவது, குளோரீன். வெள்ளத்தின் பின்னர் கிணறுகளுக்கு வெளிற்றுந் தூள் இடப்படுவதுண்டு. குழாய்நீரிலும் குளோரீன் உண்டு. தீய பற்றீரியாவைக் கொல்லும் குளோரீன் நல்லதையும் கொல்லும். அத்தகைய நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு பகல் வெயிலில் திறந்து வைத்து, பின் மூடி ஆறவிட்டுப் பயன்படுத்துக. அவ்வாறு செய்ய நேரமில்லாதபோது லீற்றருக்கு 2.5 கிராம் வீதம் ஆடை நீக்கிய பால்மாவைக் கரைத்தால் குளோரீனின் வலு அடங்கும். அதன் பின்னரே புரோபயோட்டிக் தூளைக் கரைத்தல் வேண்டும்.

இரண்டாவது, உவர். ஒரு லீற்றர் நீரிற் கரைந்துள்ள உப்புகள் 1,000 மில்லிகிராமுக்குட்படின் கோழிக்குத் தீங்கில்லை. 3,000 மில்லிகிராம் வரை கோழி தாங்குமாயினும் எச்சம் நீர்த்துப்போகும். அதற்கு மேற்பட்ட நீர் கோழிக்கு உகந்ததன்று. கடலை அண்டிய கிணறுகளிற் கோடை முற்ற உவர் ஏறும். நீர்த்த எச்சத்தைக் கண்டு நோயென மயங்கி மருந்து கொடுப்போர் உளர். காரணம் கிணற்று நீராயின், எந்தத் தூளும் அதனை மாற்றாது. சேமித்த மழைநீரையோ நன்னீர்க் கிணற்று நீரையோ முதல் இரு வாரங்களுக்கேனும் குஞ்சுகளுக்குக் கொடுத்தல் நன்று.

மூன்றாவது, வெயில். தூள் கரைத்த நீரை நாள் முழுவதும் வைத்திருக்கலாகாது. மூன்று நான்கு மணித்தியாலத்திற் குடித்து முடிக்கும் அளவையே காலையில் வைத்து, பின்னர் பாத்திரத்தைக் கழுவித் தூய நீரை நிரப்புதல் வேண்டும். கோழி தான் உண்ணும் தீனின் நிறையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீரைப் பருகும். வெயில் நாளில் அதற்கும் மேற்படும். இதனைக் கொண்டு அளவைக் கணிக்கலாம்.

தடுப்புமருந்து கரைத்த நீரிலும், நுண்ணுயிர்க்கொல்லி கரைத்த நீரிலும் இத்தூளைச் சேர்க்கலாகாது. வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கும்படி பணித்திருப்பின் அது முடியும்வரை தூளை நிறுத்தி, முடிந்த மறுநாள் முதல் மீண்டும் தொடங்குக. மருந்தினால் வெறுமையான குடலை நல்ல நுண்ணங்கிகளால் நிரப்புவதற்கு அதுவே தக்க தருணமாகும்.

தூளை மட்டும் நம்பலாகாது

புரோபயோட்டிக் தூள் கெட்ட பராமரிப்பை ஈடுசெய்யாது. இராணிக்கெட், கம்போரோ முதலிய நச்சுயிர் நோய்களுக்குத் தடுப்புமருந்தே காப்பாகும், தூள் காப்பாகாது. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கொக்சிடியா என்னும் ஒட்டுண்ணி ஈரமான படுக்கையிற் பெருகும். படுக்கையை உலர வைத்தலே அதற்கு முதல் மருந்து.

கொட்டிலின் நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் வெயில் உட்புகாது. பக்கங்களிற் கம்பிவலை இட்டுக் காற்றோட்டம் செய்க. தகரக் கூரையாயின் அதன்மேல் பனையோலையோ கிடுகோ வேய்க. கோழியொன்றுக்கு ஒரு சதுர அடி இடம் வேண்டும். இவ்வெப்பமான பகுதியில் அதற்குச் சற்று மேலாகவே கொடுத்தல் நன்று. நெல்லாலைகளிற் கிடைக்கும் உமியை 2 முதல் 3 அங்குலத் தடிப்பிற் பரப்பி, கட்டிபட்ட ஈரப்பகுதிகளை அன்றன்றே அகற்றுக.

கடும் வெப்பத்திற் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது அதன் குடற்சுவரும் நலிவடைகின்றது. தீய பற்றீரியாக்கள் அவ்வழியே உடலுட் புகுகின்றன. ஆகவே நண்பகலில் தீனைக் குறைத்து, காலையிலும் மாலையிலும் கொடுத்து, குளிர்ந்த நீரை எப்போதும் வைத்தல் வேண்டும். இத்தகைய வெயில் நாள்களிலும், தீன் மாற்றும்போதும், தடுப்புமருந்துக்குப் பின்னரும் புரோபயோட்டிக் தூள் நன்கு உதவும்.

கரையோரக் கிராமங்களிற் கருவாட்டுக் கழிவையும் மீன்தலைகளையும் இடித்துத் தீனிற் சேர்ப்பதுண்டு. அவை நல்ல புரதமே. ஆயினும் சரிவரக் காயாத கழிவிற் சல்மொனெல்லா பெருகியிருக்கலாம். உப்பிட்ட கருவாடு உவர்நீரோடு சேர்ந்தால் எச்சம் நீர்த்துப் படுக்கை சேறாகும். ஒருபுறம் தூளைக் கொடுத்து நல்லதை விதைத்து, மறுபுறம் அழுகிய மீனைக் கொடுத்துக் களையை விதைப்பது அறிவுடைமையாகாது.

ஆதாயத்தைக் கணக்கிடும் முறை

எல்லாப் பண்ணைகளிலும் தூள் ஒரே பயனைத் தருவதில்லை. தூய்மையான கொட்டிலில் வேறுபாடு சிறிதாகவும், வெப்பமும் நெருக்கமும் மிகுந்த இடத்திற் பெரிதாகவும் காணப்படலாம். சில வேளைகளில் யாதொரு வேறுபாடும் காணப்படாது. ஆகவே அயலவர் கூறியதையோ விற்பவர் கூறியதையோ நம்பாது, வளர்ப்பவர் தாமே கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

50 கோழிகள் தலா 2 கிலோகிராம் வீதம் 100 கிலோகிராம் உயிர்நிறையை அடைவதற்கு, கிலோகிராம் ஒன்றுக்கு 1.8 கிலோகிராம் தீன் வீதம் 180 கிலோகிராம் தீன் செலவாகும். கிலோகிராமுக்கு ஒரு கிராம் வீதம் தூள் 180 கிராம் வேண்டும். தூளினாற் செரிமானம் நன்றாகி 1.8 என்பது 1.75 ஆகக் குறையின் 5 கிலோகிராம் தீன் மீதமாகும். 5 கிலோகிராம் தீனின் விலையையும் 180 கிராம் தூளின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்க. இதனோடு, இறவாது தப்பிய கோழிகளின் விலையையும் மருந்துச் செலவிற் குறைந்ததையும் சேர்த்தல் வேண்டும். ஒரு கோழி கூடுதலாகத் தப்பினாலும் கணக்கு மாறிவிடும்.

முதன்முறை தூளைப் பயன்படுத்துவோர் 50 குஞ்சுகளையும் இரு கூறாக்கி, இடையே தட்டியிட்டு, 25க்குத் தூளோடும் 25க்குத் தூளின்றியும் அதே தீனைக் கொடுக்கலாம். தீன்சட்டிகளும் நீர்ப்பாத்திரங்களும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். தூளில்லாத பக்கத்தின் வேலையை முதலில் முடித்து மற்றப் பக்கத்துக்குச் செல்க. ஒரு கொப்பியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கொடுத்த தீனின் நிறை, இறந்த குஞ்சுகளின் தொகை, வாரந்தோறும் நிறுத்த 5 கோழிகளின் நிறை ஆகியவற்றை எழுதுக. ஒருமுறை கண்ட வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று தொகுதிகளில் அதே முடிவு கிடைப்பின் அதனை நம்பலாம்.

நோய் கண்டவிடத்து

குஞ்சுகள் கூனிக் குறுகி நிற்றல், தீன் உண்ணாமை, எச்சத்தில் இரத்தம், திடீரெனப் பல இறத்தல் ஆகியவற்றைக் கண்டால் தூளின் அளவைக் கூட்டிக் காத்திருக்கலாகாது. கடையிற் கேட்டு மருந்து வாங்கவும் கூடாது. அன்றே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். அண்மையில் இறந்த கோழியொன்றை இரட்டைப் பையில் இறுகக் கட்டிக் கொண்டு சென்றால் நோயை அறிவது எளிதாகும். ஏனையவற்றைக் கிணற்றுக்குத் தொலைவில் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும். களப்பிலோ வெளியிலோ வீசலாகாது.

நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்ட கோழிகளை, வைத்தியர் குறித்த நாள்கள் கழியுமுன் விற்கவும் உண்ணவும் கூடாது. புரோபயோட்டிக் தூளுக்கு இத்தகைய காத்திருப்பு நாள்கள் பொதுவாக இல்லை.

நினைவில் வைக்கவேண்டியவை

1. இத்தூள் உயிருள்ளது. விதைநெல்லைப் போலச் சூட்டிலும் ஈரத்திலும் இருந்து காக்க.
2. பெயர், எண்ணிக்கை, திகதி, அளவு ஆகியவை எழுதப்படாத தூளை வாங்கற்க.
3. குளிர்சாதனப் பெட்டி இல்லாதோர் வித்தியுள்ள பசிலசு வகையைத் தெரிந்தெடுக்க.
4. குஞ்சு வந்த முதல் நாளிலேயே தொடங்குக.
5. குளோரீன் உள்ள நீரிலும், சுடுநீரிலும், மருந்து கரைத்த நீரிலும் கலக்கற்க.
6. தீனிற் படிப்படியாகக் கலக்குக. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட தீனைக் கலந்து வைக்கற்க.
7. உலர்ந்த படுக்கை, நன்னீர், நிழல், தடுப்புமருந்து ஆகிய நான்கும் இல்லாதவிடத்துத் தூளினாற் பயனில்லை.
8. கொப்பியிற் கணக்கு எழுதுக. கணக்கு ஆதாயம் காட்டினால் தொடர்க, காட்டாவிடின் நிறுத்துக.

நோய் வருமுன் காப்பவர் கடனைத் தீர்த்து அடுத்த தொகுதிக் குஞ்சுகளைத் தம் சொந்தப் பணத்தில் வாங்குவர். வந்தபின் மருந்தை நாடுபவரோ ஒவ்வொரு முறையும் புதிய கடனோடு தொடங்குவர். தக்க முறையிற் பேணப்பட்ட ஒரு சிறு போத்தல் தூளும், உலர்ந்த கொட்டிலும், ஒழுங்காக எழுதப்பட்ட கொப்பியும் இருப்பின், இவ்வெயில் நிலத்திலும் இறைச்சிக் கோழி வளர்ப்பு ஒரு குடும்பத்தைத் தாங்கும் தொழிலாக அமையும்.

மேலதிக விபரங்களை அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டறிந்து கொள்ளலாம்.